பொங்கல் கேட்டவருக்கு மசால் தோசை

2023 மார்ச் 20, திங்கட்கிழமை. சாட்ஜிபிடியைத் திறந்த சிலருக்குத் திரையின் ஓரப் பட்டியலில், தாங்கள் கேட்டே இராத கேள்விகளின் தலைப்புகள் தெரிந்தன. யாரோ எங்கேயோ நடத்திய உரையாடல்கள் அவை. கணக்கு திருடு போய்விட்டது என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அதை நடத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனம் சேவையையே நிறுத்திவிட்டுத் தேடியபோது அகப்பட்டது திருடன் அல்ல. தரவுத்தளத்தோடு பேசும் மென்பொருளில் ஒளிந்திருந்த ஒரு பிழை.

அந்தத் தரவுத்தளம் ரெடிஸ். 2009-இல் இத்தாலியரான சால்வதோரே சான்ஃபிலிப்போ உருவாக்கியது. தகவலை நினைவகத்திலேயே வைத்திருப்பதால், கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுக்கும். பைதான் மொழியில் எழுதிய நிரல்கள் அதனிடம் பேசுவதற்கான திறமூல நூலகம் ரெடிஸ்-பை.

ஒவ்வொரு கேள்விக்கும் புதிதாக ஒரு இணைப்பைத் திறந்து மூடினால் நேரம் வீணாகும். அதனால் சில இணைப்புகளைத் திறந்தே வைத்து, ஒருவர் வேலை முடிந்ததும் அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். இதைக் ‘கனெக்‌ஷன் பூல்’ என்பார்கள். இணைப்புக்குள் போகும் கேள்விக்கு எண்ணும் கிடையாது, பெயரும் கிடையாது. முதலில் கேட்டதற்கு முதலில் பதில். அந்த வரிசை ஒன்றுதான் அடையாளம்.

டோக்கன் தராத ஓட்டல் பார்சல் கவுன்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மசால் தோசை சொல்லிவிட்டு, பஸ் வந்துவிட்டதென்று ஓடிவிடுகிறார். உள்ளே மாஸ்டருக்கு அது எப்படித் தெரியும்? அடுத்து நிற்பவர் பொங்கல் கேட்கிறார். கைக்கு வருவதோ மசால் தோசை. அவருடைய பொங்கல் அவருக்குப் பின்னால் வடை கேட்டவருக்குப் போகிறது. யாராவது பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கும்வரை வரிசை முழுக்க ஒன்று தள்ளியே ஓடும்.

ரெடிஸ்-பையில் நடந்ததும் இதுதான். கேள்வி போய்ச் சேர்ந்து, பதில் வருவதற்குள் அது ரத்தானால், பாதியில் நின்ற இணைப்பு அப்படியே பூலுக்குத் திரும்பியது.

இந்த மாதிரிப் பிழையைப் பிடிப்பது பெரும்பாடு. ஒரே ஆள் உட்கார்ந்து சோதித்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். பிழை தலைகாட்ட, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே உள்ள, நொடிக்கும் குறைவான இடைவெளியில் ரத்து விழ வேண்டும். அதை வேண்டுமென்றே வரவழைத்த சோதனை நிரல் சில வரிகள்தான்: ‘ஃபூ’ (foo), ‘பார்’ (bar) என்று இரண்டு பெயர்களில் அதே சொற்களைச் சேமித்துவிட்டு, முதலாவதைக் கேட்டு, ஆயிரத்தில் ஒரு நொடி கழித்து ரத்து செய்கிறது. பிறகு ‘பார்’ கேட்டால் ‘ஃபூ’ வருகிறது. அடுத்து, உயிரோடு இருக்கிறாயா என்று ‘பிங்’ அனுப்பிவிட்டு மறுபடி ‘ஃபூ’ கேட்டால், பிங்குக்கு வரவேண்டிய ‘பாங்’ வந்து நிற்கிறது.

பெரும்பாலான நேரங்களில் தவறான பதில் எதிர்பார்த்த வடிவத்தில் இருக்காது. நிரல் பிழை காட்டி நின்றுவிடும். அது நல்லகாலம். வடிவம் பொருந்திப்போனபோதுதான் அடுத்தவர் விவரம் திரைக்கு வந்தது. அன்று பசிபிக் நேரம் அதிகாலை 1 மணிக்கு ஓப்பன்ஏஐ தன் சர்வரில் செய்த ஒரு மாற்றம் ரத்துகளைக் கிடுகிடுவென உயர்த்தியது. அன்று ஒரு 9 மணி நேர இடைவெளியில் இயங்கிய, கட்டணம் செலுத்தும் பிளஸ் சந்தாதாரர்களில் 1.2 சதவீதத்தினரின் பெயர், மின்னஞ்சல், முகவரி, கார்டின் கடைசி 4 இலக்கங்கள் ஆகியவை பிறர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று நிறுவனமே சொன்னது. முழு கார்டு எண் வெளியாகவில்லை.

மார்ச் இறுதியில் இத்தாலி சாட்ஜிபிடியைத் தடுத்து நிறுத்தியது. சொன்ன காரணங்களில் இந்தக் கசிவும் ஒன்று. ரெடிஸ் பிறந்த நாடு!

பிழையைச் சரிசெய்ய வந்த ரெடிஸ்-பையின் 4.5.3 பதிப்பு அதை முழுதாக அடைக்கவில்லை. அதற்கென இன்னொரு பாதுகாப்பு எச்சரிக்கை எண் பதிவாகி, 4.5.4 வந்தது. ஓப்பன்ஏஐ தன் பக்கத்தில், ரெடிஸ் கொடுத்த தகவல் கேட்டவருடையதுதானா என்று சரிபார்க்கும் சோதனையையும் சேர்த்தது. கவுன்டரில் நிற்பவர் கையில் கொடுக்கும் முன் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிடுவது.