ரெண்டு பேருக்கு ஒரே பாஸ்வேர்டு

இன்னைக்கு எபிசோடு கோடு எழுதறவங்களுக்கு. "உங்கள் தற்காலிக பாஸ்வேர்டு இதோ"னு எப்பவாவது மெயில் வாங்கினவங்களும் கேட்கலாம். நான் பண்ண ஒரு தப்புல இருந்தே ஆரம்பிக்கறேன்.

என்னோட முதல் வேலை அது. ஒரு காலேஜுக்கு, மாணவர்கள் மார்க் பார்க்கற வெப் போர்ட்டல் செஞ்சோம். எக்செல்ல பெயர்ப் பட்டியல் வந்துச்சு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு அக்கவுன்ட், 8 எழுத்துல ஒரு பாஸ்வேர்டு. பிஹெச்பி-ல பத்து வரி எழுதினேன், ஓட்டினேன், மெயில் போயிடுச்சு. பாஸ்வேர்டு ஒவ்வொண்ணும் கன்னாபின்னானு இருந்துச்சு. எனக்கு ஒரே திருப்தி.

மறுநாள் போன் வந்துச்சு. ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல இருக்கற ரெண்டு பசங்களுக்கு ஒரே பாஸ்வேர்டு. அனுப்பின மெயில்களை எடுத்துப் பார்த்தா ரெண்டு பேரோட நிக்கல, வரிசையா பல பேருக்கு அதே பாஸ்வேர்டு!

டீம் லீட் அக்கா என் கோடை ஒரு தடவைதான் பார்த்தாங்க. "சீட் எங்கேருந்துடா எடுத்த?"னு கேட்டாங்க. "டைம்ல இருந்துக்கா." "அதான் விஷயம்"னாங்க.

சீட்னா என்ன?

நாம சாதாரணமா பயன்படுத்தற ரேண்டம் ஃபங்ஷன் உண்மையில ஒரு கணக்கு. ஒரு ஆரம்ப எண்ணை வச்சுக்கிட்டு, அதுல இருந்து அடுத்தடுத்த எண்களை உருவாக்கிட்டே போகும். அந்த ஆரம்ப எண்தான் சீட். சீட் ஒண்ணா இருந்தா வரிசையும் அச்சு அசலா ஒண்ணுதான். கேம், சிமுலேஷன் எல்லாத்துக்கும் இது வசதி. பாஸ்வேர்டுக்கு ஆபத்து.

நான் ஒவ்வொரு பாஸ்வேர்டுக்கும் அந்த நொடியையே சீடா கொடுத்திருந்தேன். ஒரே நொடியில எத்தனை அக்கவுன்ட் உருவாச்சோ, அத்தனைக்கும் ஒரே பாஸ்வேர்டு.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண் சேர்த்து 62 குறிகள். 8 இடத்துக்கு சுமார் 218 லட்சம் கோடி வாய்ப்பு. ஆனா அக்கவுன்ட் எந்த நாள்ல உருவாச்சுனு ஒருத்தனுக்குத் தெரிஞ்சா போதும். ஒரு நாளுக்கு 86,400 நொடிதான். 218 லட்சம் கோடி ஒரே அடியில 86,400 ஆயிடுச்சு.

பெரிய இடத்திலும் நடந்துச்சு

காஸ்பர்ஸ்கை பாஸ்வேர்டு மேனேஜர்லயும் இதே மாதிரி பிரச்னை இருந்ததா, லெட்ஜர் நிறுவனத்தோட டான்ஜான் குழு 2021-ல விவரமா எழுதினாங்க. அதுலயும் சீட், அப்போதைய நொடிதான். பாஸ்வேர்டு வர்றதுக்கு முன்னாடி ஒரு நொடிக்கு மேல அனிமேஷன் ஓடும். அதனால திரும்பத் திரும்ப கிளிக் பண்ணாலும் வேற வேற பாஸ்வேர்டுதான் வரும். பார்க்கறவங்களுக்கு சந்தேகமே வராது.

அப்போ என்ன பண்ணணும்?

"அந்த ஒரு வரியை எடுத்துட்டா சரியாயிடுமாக்கா?"னு கேட்டேன். ஆகாது. பிஹெச்பி-யோட பழைய எம்டி_ரேண்டுக்கு அதுவா அமையற சீடும் 32 பிட்தான், சுமார் 429 கோடி. நமக்கு மலைப்பா இருக்கும், கம்ப்யூட்டருக்கு அது சின்ன வேலை. ஜாவாஸ்கிரிப்ட்ல மேத்.ரேண்டமும் இந்த வேலைக்கு ஆகாது. குரோமோட வி8 எஞ்சின்ல, சில எண்களைப் பார்த்தாலே அடுத்து வரப்போறதைக் கணக்குப் போட்டுடலாம்.

பாதுகாப்புக்குனே தனியா ஃபங்ஷன்கள் இருக்கு. பிஹெச்பி 7-ல இருந்து ரேண்டம்_இன்ட், பைதான் 3.6-ல இருந்து சீக்ரெட்ஸ் மாட்யூல், நோட்-ல கிரிப்டோ.ரேண்டம்இன்ட், பிரவுசர்ல கிரிப்டோ.கெட்ரேண்டம்வேல்யூஸ். இதெல்லாம் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சேர்த்து வைக்கற, யாரும் ஊகிக்க முடியாத மூலத்துல இருந்து எடுக்கும். சீட் கொடுக்கற வேலையே நமக்கு இல்ல.

இதுலயும் ஒரு சின்ன பள்ளம் இருக்கு. ஒரு பைட்ல 256 மதிப்பு. அதை 62-ஆல வகுத்து மீதியை எடுத்தா, 4 சுற்று போக 8 மிச்சம். முதல் 8 குறிகளுக்கு மட்டும் 5 வாய்ப்பு, மத்ததுக்கு 4. ரேண்டம்_இன்ட் மாதிரி, வரம்பு கொடுத்து வாங்கற ஃபங்ஷன் இதை அதுவே பார்த்துக்கும். நீங்களா வகுக்காதீங்க.

கடைசியா அக்கா சொன்னது

கோடைத் திருத்தி, எல்லா பாஸ்வேர்டையும் ரத்து பண்ணோம். புதுசா உருவாக்கப் போனேன். "எதுக்கு? அவங்க பாஸ்வேர்டு நமக்கு ஏன் தெரியணும்?"னு கேட்டாங்க. சரியான கேள்வி. மெயில்ல போன பாஸ்வேர்டு இன்பாக்ஸ்லயே கிடக்கும், பலர் அதை மாத்தவே மாட்டாங்க.

அதுக்குப் பதிலா, ஒரே ஒரு தடவை வேலை செய்யற, சீக்கிரம் காலாவதியாகற லிங்க்கை அனுப்பினோம். அதுக்குள்ள இருக்கற டோக்கனை ரேண்டம்_பைட்ஸ் வச்சு உருவாக்கினோம். டேட்டாபேஸ்ல டோக்கனை வைக்காம, அதோட ஹாஷை மட்டும் வச்சோம். பாஸ்வேர்டை மாணவர்களே போட்டுக்கிட்டாங்க.

பார்க்க கன்னாபின்னானு இருக்கறது வேற, ஊகிக்க முடியாதது வேற. கண்ணால பார்த்து இந்த வித்தியாசம் தெரியாது. அதனால இன்னைக்கே உங்க புராஜெக்ட்ல "ரேண்டம்"னு ஒரு தடவை தேடிப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.