நிலம் போய்ப் பணம் வந்தால்: குப்பத்தில் கற்ற பங்குக் கணக்கு

மீன் அமிலத்துக்குக் கழிவு வாங்க மாதம் ஒரு தடவையாவது ஊரூர் ஒல்காட் குப்பத்துக்குப் போய்விடுவேன். பெசன்ட் நகர் கடற்கரையின் வடக்குக் கோடியில், அடையாறு கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிற மீனவர் ஊர் அது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்து வீடுகளுக்குக் காய்கறி கொடுத்துவிட்டு, மீன் வெட்டும் அக்காவிடம் இரண்டு வாளி தலை, குடல், செதில் வாங்கிக்கொண்டு திரும்புவது வழக்கம். எடைக்கு எடை நாட்டு வெல்லம் கலந்து மூடி வைத்தால் 21 நாளில் அமிலம் தயார். இது நம் வாசகர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். அந்த வாளியோடு நான் கொண்டுவந்த இன்னொன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊரில் சாலைக்கு நிலம் எடுத்தார்கள். வேண்டாம் என்று மனு கொடுத்தோம், கூட்டம் போட்டோம். எடுத்துவிட்டார்கள். அப்பா சொந்தமாக வாங்கிய நிலத்தில் ஒரு பகுதி போனது. பட்டா என் பெயரில் இருந்ததால் இழப்பீடு 30 லட்சம் என் கணக்கில் ஏறியது. அதுவரை அந்தக் கணக்கில் ஒரு லட்சம் ரூபாய்கூடச் சேர்ந்தாற்போல் நின்றதில்லை.

விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் "எவ்வளவு வந்துச்சு?" என்றுதான் கேட்டார்கள். மீன் வெட்டும் அக்கா மட்டும், "நெலம் மிச்சம் எவ்ளோ கீதுண்ணா?" என்று கேட்டார்.

நிலத்தைக் காப்பது பற்றி நம் இதழில் நிறைய எழுதியாகிவிட்டது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காக்க முடியாமல் போனவர்கள் கையில் பணம் வருகிறதே, அதை என்ன செய்வது என்று யாரும் எழுதுவதில்லை. எழுதவே கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சத்திலேயே நாலைந்து வருடத்தில் பணமும் கரைந்துவிடுகிறது. எங்கள் ஊரிலேயே பார்த்துவிட்டேன்.

ஒரு நாள் பாடு யாருக்குச் சொந்தம்?

அன்றைக்குக் குப்பத்தில் ஒரு படகுக்கு நல்ல பாடு. ஏலம் முடிந்து, படகோரம் உட்கார்ந்து பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்தார்கள். மிச்சத்தில் படகுக்கு, இன்ஜினுக்கு, வலைக்கு என்று பங்கு ஒதுக்கினார்கள். அதன் பிறகுதான் கடலுக்குப் போன ஆட்களுக்கு ஆளுக்கொரு பங்கு. இந்தக் கணக்கு ஊருக்கு ஊர், வலைக்கு வலை மாறும். ஆனால் செலவும் கருவியும் முன்னால், ஆள் பின்னால் என்ற வரிசை எனக்குப் பிடித்திருந்தது.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "இன்னைக்கு நல்ல வருமானம் போலிருக்கேண்ணே" என்றேன்.

"இத்த இன்னிக்கி வருமானம்னு நெனச்சா இன்னிக்கே தீந்துடும் தம்பி. போன மாசம் வெறும் வலையா வந்தோமே, அந்த நாளுக்கும் சேத்துதான் இது. அடுத்த மாசம் காத்து அடிச்சி கரையில குந்திங்கினு இருப்போமே, அதுக்கும் சேத்துதான்" என்றார்.

அரசாங்கமே இந்தக் கணக்கில் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில் மீன் கிடைக்கிற மாதங்களில் மீனவர் 1,500 ரூபாய் கட்டுகிறார். அரசு 3,000 ரூபாய் சேர்த்து, மீன் கிடைக்காத காலத்தில் 4,500 ரூபாயாகக் கொடுக்கிறது. தொகை சிறியதுதான். கிடைக்கும்போது ஒதுக்கி, கிடைக்காதபோது எடு என்பதுதான் அதில் இருக்கிற பாடம்.

30 லட்சம் என்பது மாதம் எவ்வளவு?

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நீங்களும் உங்கள் தொகையை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

30 லட்சத்தை 7 சதவீத வட்டியில் போட்டால் வருடத்துக்கு 2,10,000 ரூபாய் வரும். அது முழுதும் நம் வருமானம் என்று தோன்றும். ஆனால் விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், இன்றைக்கு 30 லட்சத்துக்குக் கிடைப்பதை அடுத்த வருடம் வாங்க 31,50,000 வேண்டும். ஆக வட்டியில் 1,50,000 ரூபாயை முதலிலேயே திரும்பச் சேர்த்துவிட வேண்டும். மிச்சம் 60,000. மாதத்துக்கு 5,000 ரூபாய்.

இதுதான் உண்மைக் கணக்கு. முதலுக்குச் சேதமில்லாமல் நான் எடுத்துச் செலவழிக்கக்கூடியது மாதம் 5,000 ரூபாய். வட்டிக்கு வரி வந்தால் அதிலும் குறையும். 30 லட்சம் என்று கேட்டபோது தலை சுற்றியது. 5,000 என்று தெரிந்ததும் தரையில் நின்றேன்.

காரணம் எளிது. இந்தப் பணம் விளைச்சல் இல்லை. நிலமே ரூபாயாக மாறி வந்திருக்கிறது. ஆகவே இது விதைநெல்.

வந்தவுடன் செய்யக் கூடாதது

யூரியா போட்ட பயிரைப் பார்த்திருப்பீர்கள். ஒரே வாரத்தில் கருகருவென்று எழும்பும். பார்க்க அழகு. பிறகு பூச்சி வரும், காற்றடித்தால் சாயும். திடீர்ப் பணமும் அப்படித்தான் வேலை செய்கிறது. கார், பெரிய வீடு, ஊரே மெச்சும் விசேஷம் என்று எழும்புகிறது. அதைப் பராமரிக்கிற செலவு மாதாமாதம் நிற்கிறது, பணம் நிற்பதில்லை.

இயற்கை விவசாயிக்கென்றே சில ஆசைகள் உண்டு. இன்னும் ஆழமாக ஒரு போர், பத்து நாட்டு மாடு, பசுமைக்குடில், சொந்தமாக டிராக்டர். எல்லாம் நல்ல காரியம் மாதிரியே தெரியும். இங்கே கடற்கரை சொல்லும் ஒரு பாடம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு உதவி வந்து குவிந்தது. பல அமைப்புகள் ஃபைபர் படகுகளாகக் கொடுத்தன. கட்டுமரத்தில் போனவர்களும், பங்குக்குப் போனவர்களும் படகு உரிமையாளர் ஆனார்கள். பல ஊர்களில் முன்பு இருந்ததைவிடப் படகு அதிகமானது, ஏறுவதற்கு ஆள் குறைந்தது. இன்ஜின், டீசல், வலை என்று செலவும் கூடியது. கொடுத்தவர்கள் மனம் நல்லதுதான். கருவி கூடியதே தவிர, கடலில் மீன் கூடவில்லை.

டிராக்டர் வாங்குமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலம் குறைந்திருக்கிற நேரத்தில் கருவியைக் கூட்டுவது சரியா? மண்ணும் பணத்துக்கு அவசரப்படாது. ரசாயனத்திலிருந்து மாறும் நிலத்துக்குத் தேசிய அங்கக உற்பத்தித் திட்டச் சான்றிதழ் முறையே ஆண்டுப் பயிருக்கு 2 வருட மாறுதல் காலம் வைத்திருக்கிறது. பணம் வந்தது என்பதற்காக மண்புழு சீக்கிரம் வந்துவிடாது.

பங்கு பிரித்த வரிசை

நான் செய்தது இதுதான். தவறியதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒன்று, ஆட்சேபனை. 2013ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தில் தொகை போதாது என்று நினைப்பவர்கள், வாங்கும்போதே "ஆட்சேபனையுடன் பெறுகிறேன்" என்று எழுதிக் கொடுத்து வாங்கலாம். அப்படி எழுதாமல் வாங்கிவிட்டால், கூடுதல் தொகை கேட்டு மேலே போகும் உரிமை போய்விடும். காலக் கெடுவும் உண்டு. எந்தச் சட்டத்தில் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து வழி மாறும் என்பதால், கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இரண்டு, ஆறு மாதம் சும்மா இருத்தல். பணத்தை வைப்பில் போட்டுவிட்டு ஆறு மாதம் எந்தப் பெரிய முடிவும் எடுக்காதீர்கள். வங்கி வைப்புக்கு, அசலும் வட்டியும் சேர்த்து, ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான் காப்பீடு. 2020 பிப்ரவரியிலிருந்து இதுதான் வரம்பு. அதனால் ஒரே இடத்தில் போடாமல் பிரித்துப் போடுங்கள். நம் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போடும் வைப்புக்கு இந்தக் காப்பீடு கிடையாது என்பது பலருக்குத் தெரியாது.

என் தவறு இங்கேதான் நடந்தது. பணம் வந்த முதல் மாதமே ஒரு உறவினருக்கு ஒன்றரை லட்சம் கொடுத்தேன். கடன் என்று நான் நினைத்தேன். உதவி என்று அவர் நினைத்தார். இப்போது பணமும் இல்லை, போக்குவரத்தும் இல்லை. கேட்பவர்களுக்கு என்று ஒரு சிறு தொகையை முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள். அது தீர்ந்தால் "மிச்சமெல்லாம் வைப்புல கெடக்கு, எடுக்க முடியாது" என்று சொல்லிவிடலாம்.

மூன்று, பங்காளிகள். இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பட்டா என் பெயரில்தான். தங்கைக்கு இரண்டு லட்சம் சீராகக் கொடுத்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அம்மாவைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. குப்பத்தில் அன்று பங்கு பிரித்தபோது, படகுக்காரர் தன் பெயரில் படகு இருக்கிறதென்று மற்றவர் பங்கில் கைவைக்கவில்லை. அது மனதை அரித்தது.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. எங்கள் வீட்டில் அம்மா, நான், தங்கை. ஆளுக்கு 10 லட்சம் ஆனது. ஒன்றரை லட்சம் போனது என் பங்கில்தான்.

பணத்தைக் கொடுத்த அன்று தங்கை, "நான் கேக்கவே இல்லையேண்ணா" என்றாள். கேட்காமல் இருந்தாள் என்பதற்காகத்தானே நானும் கொடுக்காமல் இருக்கப் பார்த்தேன்.

அம்மாவின் பங்கு அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அவர் பெயரிலேயே இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி வருகிறது. எழுபது வயதில் முதல் தடவையாகத் தன் கையெழுத்துப் போட்டுத் தன் பணத்தை எடுக்கிறார்.

நான்கு, கடன். எல்லாக் கடனையும் ஒரேயடியாக அடைக்க ஓடாதீர்கள். வட்டியைப் பாருங்கள். மூன்று வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். அதை முதல் நாளே அடையுங்கள். நகைக்கடன் அடுத்தது. பயிர்க்கடன் வேறு மாதிரி. கிசான் கடன் அட்டையில் 7 சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம். கூட்டுறவுப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. அதைக் கெடு தேதிக்குக் கட்டினால் போதும்.

ஐந்து, வரி. 2013 சட்டப்படி எடுத்த நிலத்தின் இழப்பீட்டுக்கு வருமான வரி இல்லை. மத்திய நேரடி வரிகள் வாரியம் 2016 அக்டோபரில் சுற்றறிக்கையாகவே இதைத் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால் அந்தப் பணம் ஈட்டும் வட்டி உங்கள் வருமானம்தான். ஒரு தடவை தணிக்கையாளரைப் பார்த்துவிடுங்கள். அவர் வாங்கும் கூலி வீண் இல்லை.

ஆறு, மண். என் பங்கில் எஞ்சியதில் ஒரு சிறு பகுதியை மட்டும் நிலத்தில் போட்டேன். புதுப் போர் போடவில்லை. இருந்த கிணற்றைத் தூர்வாரினேன். பள்ளமான மூலையில் பண்ணைக்குட்டை வெட்டினேன். சாலை ஓரம் தூசி வரும் என்பதால் உயிர்வேலி வைத்தேன். மூன்றுமே மாதச் செலவு கேட்காதவை. மிச்சம் வைப்பில் இருக்கிறது. பக்கத்தில் நல்ல நிலம் நியாய விலைக்கு வந்தால் வாங்குவேன். வராவிட்டால் அவசரமில்லை.

வாசலுக்கு வருகிறவர்கள்

நிலம் எடுக்கும் ஊருக்குப் பணம் வருமுன்பே ஆட்கள் வந்துவிடுவார்கள். தொண்ணூறுகளில் தேக்கு வளர்ப்புத் திட்டம் என்று வந்தார்கள். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்தபோது போனது பெரும்பாலும் விவசாயிகள், சிறு சேமிப்புக்காரர்களின் பணம். ஈமுவில் மாதாமாதம் பணம் தருகிறோம் என்றார்களே, அந்தப் பணம் எங்கிருந்து வரும், கறியை யார் வாங்குகிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். முதலீட்டாளர்களைக் காக்க 1997லிருந்து தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது, சிறப்பு நீதிமன்றமும் இருக்கிறது. ஆனாலும் போன பணம் திரும்ப வருடக்கணக்கில் ஆகிறது. சீட்டு என்றால் பதிவு பெற்றதா என்று கேளுங்கள். "இன்னிக்கே போட்டாத்தான்" என்று சொன்னால் அன்றைக்குப் போடாதீர்கள்.

உங்கள் ஊர் வாசலில் நில எடுப்புப் பட்டியல் ஒட்டியிருந்தால் முதல் வேலை எதிர்த்து மனு கொடுப்பது. அதைக் கைவிட வேண்டாம். அதோடு சேர்த்து, ஒரு சாயங்காலம் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து, பணம் வந்தால் யார் யார் பங்கு என்ன என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். அம்மா, அக்கா, தங்கை எல்லாரும் அந்தத் திண்ணையில் இருக்கட்டும். பணம் வருவதற்கு முன்னால் அது ஒரு சாயங்கால வேலை. வந்த பிறகு அதையே பேசி முடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது.