எதிரே வருவது யார்?

வீட்டை விட்டுப் புறப்படும்போது எதிரே என்ன வருகிறது என்று பார்க்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதென்று நேயர்கள் எண்ண வேண்டாம். அயர்லாந்து தேசத்து மீனவர்கள், கடலுக்குப் புறப்படும் காலையில் செம்பட்டைக் கூந்தலுடைய பெண்ணொருத்தி எதிர்ப்பட்டால் வீடு திரும்பிவிடுவது வழக்கமாம். வனதேவதைகள் கூடும் முள்மரத்தை வெட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்பதும் அந்நாட்டு நம்பிக்கை. 1999-இல் கிளேர் ஜில்லாவில் பெருஞ்சாலை போடும்போது அத்தகைய மரமொன்று குறுக்கிட்டது. எடி லெனிஹன் என்ற கதைசொல்லி எழுப்பிய கூக்குரலால் மரம் பிழைத்தது!

ஆழ்வார்பேட்டைவாசிகள் இதைக் கேட்டுச் சிரிப்பதற்கில்லை. அங்கேயும் கடை வாசல்களில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கத்தான் தொங்குகின்றன. ஆயுத பூஜையன்று உடைத்த பூசணிக்காய் நடுவீதியில் சிதறிக் கிடக்கிறது. திருஷ்டி யாருக்குக் கழிந்ததோ, மோட்டார் சைக்கிளில் வருகிறவர் பாடு திண்டாட்டம். இராகு காலமோ திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஒன்பது மணிக்குத்தான் எழுந்து போகும். ஆனால் ஆபீஸுக்கு நேரமாகிவிட்டால் அதை யார் பார்க்கிறார்கள்?

சகுனம் பார்ப்பவர்களிடம் ஒரு ஜாபிதா உண்டு. நிறைகுடம், பசு, மணியோசை இவை நல்லவை. எண்ணெய்க்குடம், விறகுச் சுமை, பூனை, ஒற்றைப் பிராமணன் இவை ஆகாதவை. பூனைக்கு இதனால் மனத்தாங்கல் ஒன்றுமில்லை. ஒற்றைப் பிராமணனும் துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் தோஷம் தீர்ந்தது. ஆனால் அதே ஜாபிதாவில் கைம்பெண்ணையும் சேர்த்து வைத்திருக்கிறோமே, அவள் எந்த வழியாகப் போவாள்?

பெற்ற மகளின் கழுத்தில் தாலி ஏறும் வேளையில் தூணுக்குப் பின்னால் நிற்கும் தாயை நாம் பார்த்ததில்லையா? அவளை ஒருவரும் போகச் சொல்வதில்லை. தானாகவே ஒதுங்குகிறாள், அவ்வளவு நன்றாகப் பழக்கியிருக்கிறோம். பேரன் பரீக்ஷைக்குக் கிளம்பும்போது பாட்டி ஆசீர்வாதம் செய்வதும் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்துதான்.

ஆழ்வார்பேட்டைக்கு அடுத்த மயிலாப்பூரில் 1886-இல் பிறந்தவர் சகோதரி சுப்புலட்சுமி. சிறு பிராயத்திலேயே கணவனை இழந்த அவரை, ஊராரின் பேச்சைப் பொருட்படுத்தாமல் தகப்பனார் படிக்க வைத்தார். 1911-இல் பட்டம் பெற்ற அம்மையார், தம்மைப் போன்ற இளம் பெண்களைச் சேர்த்துக் கல்வி புகட்டினார். 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கியிருந்த கடற்கரை ஐஸ் ஹவுஸ் மாளிகையில் அவர்களுடைய விடுதி நடந்தது. அங்கிருந்து பலர் உபாத்தியாயினிகளாக வெளிவந்தார்கள். தினந்தோறும் காலையில் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பாடம் கற்ற குழந்தைகளுக்கு என்ன கெடுதல் நேர்ந்துவிட்டது?

அதோடு தீர்ந்ததா என்றால், இல்லை. ஈரோடு ஜில்லாவில், காலஞ்சென்ற கணவர் பூசாரியாயிருந்த கோயிலின் திருவிழாவுக்கே போக முடியாமல், பெண்மணி ஒருவர் போலீஸ் பாதுகாப்புக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. அவரைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை என்று நீதிமன்றம் சொன்னது 2023 ஆகஸ்டில்தான்.