கொள்ளும் கடிவாளமும்

கொள்ளு என்றால் குதிரை வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளுமாம். காரியவாதியைத் திட்ட நாம் வைத்திருக்கும் பழமொழி இது. குதிரையின் வாய்க்குள் ஒருமுறை பார்த்தவருக்கு அந்தப் பழியை அதன்மேல் போட மனம் வராது. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே முளைக்காத இடைவெளி ஒன்று உண்டு. கடிவாள இரும்பு உட்காருவது அங்கேதான். அந்த இடத்தில் எலும்பை மூடியிருப்பது மெல்லிய ஈறு மட்டுமே. ஒருமுறை வெடுக்கென்று இழுத்துவிட்டால், அடுத்தமுறை இரும்பைக் கண்டதும் குதிரை வாயை இறுக்கிக்கொள்ளும். வலியிலிருந்து அது கற்ற பாடம் அது.

டிரெஸ்ஸாஜ் என்ற குதிரையேற்றப் போட்டி முழுவதும் இந்த வாயையும் அதைப் பிடிக்கும் கையையும் பற்றியது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குப் பொருளே ‘பழக்குதல்’தான். 2023 செப்டம்பர் 26 அன்று சீனாவின் ஹாங்சோ நகரில், ஆசிய விளையாட்டின் டிரெஸ்ஸாஜ் குழுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றது. சுதீப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா ஆகிய நால்வர் குழு. குதிரையேற்றத்தில் 1982 டெல்லிப் போட்டிக்குப் பிறகு, 41 ஆண்டு கழித்துக் கிடைத்த தங்கம். இரண்டு நாள் கழித்து அனுஷ் தனிநபர் வெண்கலமும் வென்றார். அவர்கள் ஐரோப்பாவில் தங்கிப் பயின்றவர்கள். ஆனால் அந்த வித்தையின் தொடக்கப் பாடங்களுக்கு ஐரோப்பா தேவையில்லை. புதுச்சேரியை ஒட்டிய ஆரோவில்லின் செம்மண்ணில் ரெட் எர்த் குதிரையேற்றப் பள்ளி டிரெஸ்ஸாஜ் போட்டிகளை நடத்துகிறது. கல்வராயன் மலைப்பக்கச் சங்கராபுரம் போன்ற ஊரிலும் ஒரு குதிரையும் கொஞ்சம் நிலமும் இருந்தால் வீட்டிலேயே தொடங்கலாம்.

எவ்வளவு நிலம்? வகுத்த வரிசையில் அசைவுகளைச் செய்துகாட்டும் தொடக்கநிலைத் தேர்வுக்கான களம் 20 மீட்டர் அகலம், 40 மீட்டர் நீளம். நம் கணக்கில் சுமார் 20 சென்ட். பெரிய போட்டிகளின் 60 மீட்டர் களத்துக்கு 30 சென்ட் போதும். கடலை பிடுங்கிய புழுதியில் குதிரையை அப்படியே இறக்கிவிடக் கூடாது. ஆழமாகப் புதையும் மண் கால் தசைநாண்களை இழுத்துப் பிடிக்கும். கட்டாந்தரை குளம்பை அதிரவைக்கும். சமன்செய்து, உருளை ஓட்டி, மேலே மணல் பரப்பிய தரை நல்லது. நடுவில் முளையடித்து 10 மீட்டர் கயிற்றைக் கட்டிச் சுண்ணாம்புத் தூளால் சுற்றினால், தேர்வில் அடிக்கடி வரும் 20 மீட்டர் வட்டம் தயார். எந்த அசைவை எங்கே செய்வது என்று காட்டும் களத்தோர எழுத்துகளை வெள்ளை டப்பாக்களில் எழுதி வைக்கலாம். ஆரஞ்சு நிறக் கூம்பு வேண்டாம். குதிரைக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. புல்லின் நடுவே ஆரஞ்சு கரைந்துபோகும். இதை ஆராய்ந்தறிந்த பிறகுதான் பிரிட்டனில் பந்தயத் தடைகளின் ஆரஞ்சு விளிம்பு வெள்ளையாக மாறியது.

இனிப் பாடம். உழவுக்குக் காளை வசக்கிய பெரியவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். மூக்கணாங்கயிற்றை இழுப்பதால் மட்டும் கன்று திரும்பக் கற்பதில்லை. திரும்பிய நொடியில் கயிறு தளர்கிறதே, அதுதான் அதற்குச் சொல்லிக்கொடுக்கிறது. குதிரைக்கும் இதேதான். காலால் விலாவை லேசாக அழுத்துகிறோம். அது ஓரடி முன்னே வைத்த கணமே அழுத்தம் போக வேண்டும். ஒன்றிரண்டு நொடி தாமதித்தால், இடையில் அது செய்த வேறெதையோ சரியான விடை என்று பதிந்துகொள்ளும். அழுத்தத்தை எடுக்கவே மறந்தால் பதில் சொல்வதையே நிறுத்திவிடும். அப்புறம் நாம் பலமாக உதைப்போம், பிறகு சவுக்கைத் தேடுவோம். மந்தமான குதிரை என்று பெயர் வாங்கிய பலவும் இப்படி ஆக்கப்பட்டவைதான் என்று நான் நம்புகிறேன். ஈ உட்கார்ந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்க்கத் தெரிந்த பிராணிக்குக் கால் பட்டது தெரியாமல் போகுமா?

எவ்வளவு நுட்பமாக அது நம்மைக் கவனிக்கிறது என்பதற்குப் பெர்லினின் ‘ஹான்ஸ்’ சாட்சி. 1900களின் தொடக்கத்தில் கூட்டல் கழித்தலுக்குக் குளம்பைத் தட்டி விடை சொன்ன குதிரை. ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்ற ஆய்வாளர் சோதித்தார். கேள்வி கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் இம்மியளவு அசைந்தது. குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியது. ஏறியிருப்பவரின் மூச்சும் இடுப்பும் குதிரைக்கு ஓயாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கின்றன. பயிற்சியாளர் இல்லாமல் வீட்டில் பழகுபவர் கைப்பேசியை வரப்பில் நிறுத்திப் படம்பிடித்துப் பார்ப்பது அதனால் அவசியம். முழுத் தேர்வையும் அதே வரிசையில் தினம் ஓட்டுவதும் ஆபத்து. எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று மனப்பாடம் செய்த குதிரை, நாம் கேட்கும் முன்பே நின்றுவிடும்.

நடுவர் முதலில் தேடுவது தாளம். நடைக்கு நாலு அடி, டிராட் ஓட்டத்துக்கு இரண்டு, கேன்டர் பாய்ச்சலுக்கு மூன்று. கண்ணை மூடிக் குளம்பொலியை மட்டும் கேட்டுப் பழகலாம். பறையடி கேட்டு வளர்ந்த காது தடுமாற்றத்தைச் சட்டென்று பிடித்துவிடும். அடுத்தது எடை. குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்களுக்கு நடுவே அதன் மார்புக்கூடு தூளியில் கிடப்பதுபோல் தசைகளில் தொங்குகிறது. நிற்கும்போதே உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில். மேலே ஆள் ஏறினால் இன்னும் முன்னே சாயும். அந்தப் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னங்கால்களுக்கு மாற்றக் கற்பிப்பதே டிரெஸ்ஸாஜின் நீண்ட வேலை. தசை வளர ஆண்டுகள் ஆகும். அவசரப்பட்டுத் தலையை மட்டும் கடிவாளத்தால் உள்ளே இழுத்தால் கழுத்து வளைந்ததுபோல் தெரியும், முதுகு பள்ளமாகிவிடும்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் ஆடும் நாட்டியக் குதிரைகளும், ஒலிம்பிக்கில் நின்ற இடத்திலேயே காலெடுத்து வைக்கும் குதிரைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எந்த ஊர்க் குதிரையானாலும் காலைப் பார்க்காதீர்கள், வாலைப் பாருங்கள். பயத்தில் ஆடும் குதிரை வாலைச் சுழற்றும், காதைப் பின்னே மடக்கும், வாயைத் திறந்து இரும்பிலிருந்து தப்பப் பார்க்கும். மேலைநாட்டிலும் அந்த வாயைத் திறக்கவிடாமல் மூக்குவாரை இறுக்கிக் கட்டியவர்கள் உண்டு. மூக்கெலும்புக்கும் வாருக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது பழைய விதி. யாருடைய விரல் என்ற சர்ச்சை நீண்டு, 2025இல் பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு அளவுகருவியையே கொண்டுவந்தது.

தினம் பாடம் நடத்த வேண்டுமா? 1980இல் வெளியான ஆய்வொன்றில், வாரம் ஒருமுறை பயின்ற மட்டக் குதிரைகள் தினமும் பயின்றவற்றைவிடக் குறைந்த அமர்வுகளில் கற்றுக்கொண்டன. ஆகவே புதிய பாடம் வாரத்தில் ஓரிரு நாள் போதும், அதுவும் நம் கோடையில் விடியற்காலையில். மற்ற நாள்களில் கல்வராயன் அடிவாரப் பாதைகளில் மெல்ல ஏறி இறங்கட்டும். மேடேறுவது பின்னங்கால் தசைக்கு நல்ல உரம்.

திரும்பும்போது ஏரிக்கரையில் கடிவாள வாரை நீளமாக விட்டுவிடுங்கள். குதிரை கழுத்தை நீட்டி, மூக்கைத் தரைப்பக்கம் தாழ்த்தி, வாயை மெல்ல அசைத்தபடி வீட்டை நோக்கி நடக்கும். பல நாடுகளின் தொடக்கநிலைத் தேர்வுகளில் இப்படித் தளர்ந்த வாரில் நடப்பதற்குத் தனியாக ஒரு கட்டம் உண்டு. அவற்றுள் பலவற்றில் அதற்கு மதிப்பெண் இரட்டிப்பு.