பந்தய நாளும் பயிற்சியாளரும்

சித்திரை பிறந்ததும் மாத்தளைப் பகுதியிலிருந்து கண்டி வழியாக நுவரெலியாவுக்கு மலையேறுவோர் பலர். மலர்க் காட்சியைக் காணச் செல்வோர் ஒரு சாரார்; குதிரைப் பந்தயத்தைக் காணச் செல்வோர் மற்றொரு சாரார். கொழும்புப் பந்தயத் திடல் 1942-ஆம் ஆண்டில் போர் விமானங்களுக்கு ஓடுபாதையாயிற்று. 1956-ஆம் ஆண்டிற்குப் பின்னர் அங்கு 'றேஸ்' என்பது பழங்கதையாயிற்று. எனவே இலங்கையில் பந்தயம் என்றவுடன் நினைவுக்கு வருவது நுவரெலியாவேயாகும்.

ஒரு மைல் தூரப் பந்தயம் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பார்ப்பவர்க்கு அவ்வளவே பந்தயம். பயிற்சியாளருக்கோ அந்நாள் விடியுமுன்னரே லாயத்தில் தொடங்கிவிடுகின்றது. அவர் முதலிற் செய்வது, குதிரையின் முன்னங்கால்களை முழங்காலிலிருந்து குளம்பு வரை கையால் தடவிப் பார்ப்பதாகும். அவ்விடத்தில் தசை கிடையாது. எலும்பும் நாணும் தோலுமே உள்ளன. பாய்ந்தோடும் குதிரையின் முழுப் பாரமும் ஒரு கணம் ஒற்றைக் காலில் விழுகின்றது. அப்பொழுது அக்கால் தாங்கும் விசை, உடல் நிறையின் இரு மடங்குக்கும் மேற்பட்டது. நாணில் சிறு வெப்பம் தென்பட்டாலும் ஏதோ பழுது நேர்ந்திருக்கின்றது என்பது அறிகுறி. அதனைப் புறக்கணித்து ஓட விட்டால், ஆறுவதற்குப் பல மாதங்கள் செல்லலாம். கால் முறிந்து குதிரையையே இழக்கவும் நேரலாம். ஆனால் உரிமையாளர் விருந்தினருடன் வந்திருப்பார். குதிரையின் பெயரோ பட்டியலில் அச்சாகியிருக்கும். அந்நிலையில், 'இன்று இது ஓடாது' என்று சொல்லும் துணிவே பயிற்சியாளரின் முதற் கல்வி எனலாம்.

அடுத்தது மூச்சு. குதிரைக்கு வாயால் மூச்சு விட இயலாது. நாசித் துவாரங்களே அதற்கு வழி. நாலுகாற் பாய்ச்சலில் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்ற கணக்கில் அது சுவாசிக்கின்றது. நின்றிருக்கையில் நிமிடத்துக்கு முப்பது நாற்பது முறை துடிக்கும் இருதயம், ஓட்டத்தின் உச்சத்தில் இருநூறு முறைக்கும் மேல் துடிக்கின்றது. மாத்தளை நகரம் ஏறத்தாழ 1,200 அடி உயரத்தில் உள்ளது. நுவரெலியாவோ 6,000 அடிக்கும் மேல். காற்று மெலிந்த அவ்வுயரத்துக்குத் தாழ்நிலத்துக் குதிரையை முதல்நாள் கொண்டுவந்து மறுநாள் ஓட விடுவது விவேகமன்று.

இனி, சுமை. திறமை மிக்க குதிரைக்கு அதிகச் சுமையும் குறைந்ததற்குக் குறைந்த சுமையும் விதித்து ஓட்டத்தைச் சமன்படுத்தும் பந்தயங்கள் உண்டு. ஜாக்கியின் நிறை போதாவிடின் சேணத்தோடு ஈயத் தகடுகளைச் சேர்ப்பர். சென்ற முறை வென்ற குதிரை இம்முறை பின்தங்குவதற்கு ஈயமும் ஒரு காரணமாயிருக்கலாம்.

இவ்விடத்தில் மாத்தளை மாவட்டத்துச் சிகிரியாவை நினைவுகூரலாம். அக்குன்றின் மீது அரண்மனை அமைத்த காசியப்பன், 495-ஆம் ஆண்டளவில் தன் சகோதரன் முகலனை எதிர்த்துப் போர் புரிகையில், அவன் ஏறியிருந்த யானை எதிரே சேற்று நிலத்தைக் கண்டு வழி மாறித் திரும்பியது. அரசன் புறங்காட்டினான் என்றெண்ணிப் படை சிதறிற்று என்று சூளவம்சம் கூறும். யானை கண்டது சேறு. படை கண்டது தோல்வி. பந்தயத் திடலிலும் இதுவே நிகழ்கின்றது. மழையில் நனைந்த வளைவில் குதிரை ஓரமாக விலகினால், கூட்டம், 'தோற்றது' என்று கூவும். தொலைநோக்கியால் பார்க்கும் பயிற்சியாளரோ, இறுகிய தரையை நாடி அது விலகியதைக் கண்டு கொள்வார்.

குதிரைப் பந்தயம் திறமையின்பாற்பட்டதேயன்றி வெறும் சூதன்று என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டில், சென்னைப் பந்தயக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் தீர்ப்பளித்தது. குதிரை, ஜாக்கி, பயிற்சியாளர் ஆகியோரைப் பொறுத்தவரை அது முற்றும் பொருந்தும். வேலிக்கு வெளியே நின்று அன்றைய கூலியைக் கொண்டு சீட்டு வாங்கும் தோட்டத் தொழிலாளி, காலையில் அந்தக் காலைத் தடவிப் பார்த்தவர் அல்லர்.

பந்தயம் முடிந்து கூட்டம் கலைந்த பின்னரும் பயிற்சியாளருக்கு வேலையுண்டு. வியர்த்த குதிரையை உடனே நிற்க விடாது, மூச்சு அடங்கும் வரை மெல்ல நடத்திச் செல்ல வேண்டும். தண்ணீரைச் சிறிது சிறிதாகக் காட்ட வேண்டும். இரவில் அவர் மீண்டும் லாயத்துக்கு வருவது தீவனத் தொட்டியைப் பார்ப்பதற்காகும். தொட்டி வெறுமையாயிருந்தால் அவருக்கு உறக்கம் வரும். கொள் மிஞ்சிக் கிடந்தால், வெற்றிக் கிண்ணமே கிடைத்திருந்தாலும், விளக்கை எடுத்துக்கொண்டு மறுபடியும் அந்த முன்னங்காலின் அருகே குனிவார்.