ஒரே செடியை நம்பலாமா? கேமரன் மலைத் தேயிலை தரும் பாடம்

கேமரன் மலைக்குச் சென்று வருபவர்கள் தேயிலைச் சரிவுகளைப் பச்சைக் கம்பளம் என்று வர்ணிப்பது வழக்கம். தூரத்திலிருந்து பார்த்தால் மலை முழுவதும் ஒரே செடிதான் என்று தோன்றும். ஆனால் விதை போட்டு வளர்த்த பழைய தோட்டத்தில் இறங்கி நடந்தால், ஒரு செடியின் இலை சிறியதாகவும் தடிப்பாகவும் இருக்கும். அடுத்த செடியின் இலை அகன்று வெளிர் பச்சையாக இருக்கும். இந்த வேற்றுமை தேவைதானா என்பது தோட்டத் தொழிலின் எதிர்காலத்தையே தொடும் கேள்வியாகும்.

தேயிலை உண்மையில் ஒரு மரம். ஆண்டு முழுவதும் இலை உதிர்ந்து மொட்டையாகாத பசுமை மரம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்வதால்தான் அது இடுப்பளவு செடியாக நிற்கிறது. இதில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. சீன வகைக்கு இலை சிறியது, குளிரைத் தாங்கும், விளைச்சல் குறைவு. அசாம் வகைக்கு இலை பெரியது. வெப்பத்தையும் மழையையும் விரும்பும். கொழுந்து அதிகம் தரும். இரண்டும் எளிதில் கலப்பதால் இடைப்பட்ட வகைகளும் ஏராளம்.

கேமரன் மலையில் ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-ஆம் ஆண்டு 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலைத் தோட்டம் உருவானது. காட்டை அழித்து, சரிவைத் திருத்திச் செடி நட்டதில் தமிழ்த் தொழிலாளர்களின் பங்கு பெரியது. அசாமில் குளிர்காலம் வந்தால் கொழுந்து விடுவது நின்றுவிடும். பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள கேமரன் மலையிலோ ஆண்டு முழுவதும் கொழுந்து கிடைக்கும்.

விதையா, கிளைத் துண்டா?

தேயிலை பெரும்பாலும் அயல் மகரந்தத்தால் காய்ப்பது. ஆகவே விதையில் முளைக்கும் ஒவ்வொரு செடியும் குணத்தில் வேறுபடும். இதற்கு மாற்றாக வந்ததுதான் கிளைத் துண்டு முறை. சிறந்த தாய்ச்செடி ஒன்றைத் தேர்ந்து, ஓர் இலையுடன் கூடிய சிறு தண்டை வெட்டி, மண் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் நட்டு நிழலில் வளர்ப்பார்கள். ஏறக்குறைய ஓராண்டில் நாற்று தயாராகிவிடும். அந்த ஒரே தாயின் குணமே எல்லாச் செடிகளுக்கும் இருக்கும். இதைத்தான் குளோன் என்கிறார்கள்.

இதன் பயனை மறுக்க முடியாது. விளைச்சல் கூடும். கொழுந்து ஒரே சமயத்தில், ஒரே உயரத்தில் வரும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நான்கைந்து கிலோ பச்சைக் கொழுந்து தேவை. கையால் பறிக்க ஆள் கிடைக்காமல், கத்தரிக்கோலையும் இயந்திரத்தையும் நம்பும் தோட்டங்களுக்கு இந்தச் சீரான வளர்ச்சி பெரிய உதவி.

ஆபத்து எங்கே?

எல்லாச் செடிக்கும் பலம் ஒன்று என்றால் பலவீனமும் ஒன்றுதானே! இலங்கையில் 1869-இல் காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் கண்டது. மலைநாட்டில் பரந்து கிடந்தது ஒரே வகைக் காப்பிதான். அடுத்த இருபது ஆண்டுகளில் அத்தொழிலே சரிந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. அந்தத் தேயிலையையும் 1946-இல் கொப்புள நோய் தாக்கியது. எல்லாச் செடிகளும் அதற்கு ஒரே அளவில் பலியாவதில்லை. தாங்கும் வகைகளும் உண்டு.

வேரையும் கவனிக்க வேண்டும். விதைச்செடிக்கு ஆழமாக இறங்கும் ஆணிவேர் உண்டு. கிளைத் துண்டில் வளர்ந்த செடிக்கு உண்மையான ஆணிவேர் இல்லை. எனவே நீண்ட வறட்சியில் அது சீக்கிரம் வாடும். வறட்சியைத் தாங்கும் வேர்ச்செடியின் மேல் நல்ல விளைச்சல் தரும் தண்டை ஒட்டுக்கட்டும் முறை தென்னிந்தியாவில் கையாளப்படுவது இதற்காகத்தான்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் கிறிஸ்துமஸ் மரத்துக்காக வளர்க்கும் பிரேசர் பர் மரங்களை வேரழுகல் நோய் வாட்டுகிறது. அங்குள்ள விவசாயிகளும் நோய் தாங்கும் வேரில் ஒட்டுக்கட்டுவதையும், துருக்கி பர் போன்ற வேறு இனங்களைச் சேர்த்து நடுவதையும் நாடுகிறார்கள். ஆனால் அந்த மரத்தைப் பத்தாண்டுக்குள் வெட்டி விற்றுவிடலாம். தவறினால் வேறு நடலாம். தேயிலைச் செடியோ ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அதே இடத்தில் நிற்கும். இன்று செய்யும் தவறைப் பேரப்பிள்ளைகள் காலம் வரை சுமக்க வேண்டும்.

குளோனே கூடாது என்பதல்ல இதன் பொருள். சரிவுக்குச் சரிவு வெவ்வேறு குளோன்களை நடலாம். ஒரு பகுதி நோயில் விழுந்தாலும் மற்றது நிற்கும். விளைச்சல் குறைவு என்பதற்காகப் பழைய விதைச்செடிகள் அனைத்தையும் பிடுங்கி எறியாமல், நல்லவற்றைத் தாய்ச்செடிகளாகக் காப்பாற்ற வேண்டும். நாளைய வெப்பத்தையும் புதிய நோயையும் தாங்கும் குணம் அவற்றில் ஏதோ ஒன்றில் இருக்கக்கூடும். அதை இழந்துவிட்டால் எந்த நாற்றங்காலிலும் மீண்டும் உருவாக்க முடியாது.