குறைவாக ஓடும் டீசல் டிராக்டர்: பழுதும் பரிகாரமும்

தென்னந்தோப்பில் ஊடுழவுக்கும் மருந்து தெளிப்பதற்கும் உரமூட்டை இழுப்பதற்கும் மட்டுமே பயன்படும் சிறு டிராக்டருக்கு வேலை குறைவு என்பதால் பராமரிப்பும் குறைவாகப் போதும் என்று கருதப்படுகிறது. டீசல் இன்ஜினின் இயல்புக்கு இக்கருத்து நேர்மாறானது. அதில் தீப்பொறி கிடையாது. காற்றை இறுக்கி அழுத்துகையில் எழும் வெப்பத்தில்தான் எரிபொருள் பற்றிக்கொள்கிறது. சுமையின்றி நெடுநேரம் மெதுவாக ஓடும் இன்ஜினில் அந்த வெப்பம் போதிய அளவு நிலைப்பதில்லை. எனவே, முழுதும் எரியாத டீசலில் ஒரு பகுதி இன்ஜெக்டர் முனையில் கரியாகப் படிய, மற்றொரு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி இன்ஜின் ஆயிலை நீர்க்கச் செய்ய, எஞ்சியது புகைக்குழாயில் கரும்பிசுக்காக வழிகிறது. ஆயில் அளவுகோலில் மட்டம் ஏறிக்கொண்டே போனால் அது நல்ல அறிகுறியன்று. டீசல் கலந்துவிட்டது என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

இதற்குப் பரிகாரம் எளிது. வெறுமனே ஓடவிடுவதைத் தவிர்த்து, இன்ஜின் நன்கு சூடேறிய பின் ரோட்டவேட்டர் போன்ற சுமையுள்ள வேலையை அவ்வப்போது கொடுக்க வேண்டும். கையேடு சொல்லும் மணிக்கணக்கு நிறையாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆயிலையும் அதன் பில்டரையும் மாற்றிவிட வேண்டும். பாதி காலியான டேங்கில் காற்றின் ஈரம் நீராகப் படியுமாதலால், வேலை முடிந்ததும் டீசலை நிரப்பி வைப்பது நல்லது.

உயிருக்கு இடர் செய்வன வேறு. கருவிகளுக்கு விசை தரும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று சுழல்வதால், காப்பு உறை இல்லாத தண்டில் வேட்டியோ சேலைத் தலைப்போ சிக்கினால் விடுவித்துக்கொள்ள அவகாசமே இராது. இன்ஜெக்டர் குழாயின் கசிவைக் கையால் தடவிப் பார்ப்பதும் ஆபத்தானது. உயரழுத்த டீசல் தோலைத் துளைத்து உட்புகும், வெளியில் ஊசிக்குத்தாகத் தெரிந்தாலும் அது உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். மூடிய கொட்டகையில் இன்ஜினை ஓடவிடலாகாது.

உரிமை பற்றிய சிக்கல் பெரும்பாலும் சர்வீஸ் புத்தகத்தில் தொடங்குகிறது. வாரண்டிக்கும் சர்வீஸுக்கும் ஓடிய மணி, கடந்த மாதம் ஆகிய இரண்டில் எது முந்துகிறதோ அதுவே கணக்கு என்பது பொதுவான நிபந்தனை. குறைவாக ஓட்டுவோர் மீட்டரை மட்டும் பார்த்துத் தவணையைத் தவறவிட, பழுது வந்ததும் அதையே காரணம் காட்டி விற்பனையாளர் கைவிரிக்க இடமேற்படுகிறது. ஆகவே தேதியும் மணிக்கணக்கும் எழுதிய ஜாப் கார்டும் ரசீதும் டிராக்டரின் உதிரிபாகங்களைப் போலவே பாதுகாக்கப்பட வேண்டியவை.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் வாங்குவோரை நுகர்வோராகக் கொள்வதில்லை எனினும், சுயதொழிலால் பிழைப்பதற்கென மட்டும் பொருளை வாங்கிப் பயன்படுத்துவோரை அவ்விலக்கிலிருந்து காக்கிறது. சொந்த நிலத்தை உழும் விவசாயி அதனால் முறையிடலாம். முதலில் விற்பனையாளருக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்துமூலம் புகார் அளித்து நகலை வைத்துக்கொண்டு, தீர்வு கிட்டாதபோது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை நாடலாம், அல்லது தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது.